மஞ்சள் வராத சுடர்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக உதவியாளர். இதைப் பட்டப்பகலில் பார்த்தேன். பேராசிரியரும் பார்த்தார்.

அக்கா காணாமல் போய் அன்று ஒன்பதாம் நாள். தேடாத இடமில்லை. வீட்டில் இருந்தால் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று வேலைக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மறுநாள் செய்முறைத் தேர்வு. சுடர்ச் சோதனைக் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் உப்பைத் தொட்டு நெருப்பில் காட்டினால், சூட்டில் எலக்ட்ரான்கள் மேலே எகிறும். திரும்பி விழும்போது ஒளி விடும். செம்புக்குப் பச்சை, பொட்டாசியத்துக்கு ஊதா. உலோகத்துக்கு உலோகம் வேறு நிறம். அமிலத்தில் கழுவிய கம்பிக்கு மட்டும் நிறமே இருக்காது.

3.20. கழுவிய கம்பியைக் காட்டினேன். கருஞ்சிவப்பு.

மறுபடி கழுவினேன். கருஞ்சிவப்பு. புதுக் கம்பி எடுத்தேன். அதுவும்.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். நிறங்களைப் பிரித்துக் காட்டும் குழாய் வழியாகப் பார்த்தார்.

"லித்தியம். எதுக்கு அதை எடுத்தே?"

"நம்மகிட்ட அது இல்லவே இல்ல சார்."

"அப்ப யாரோ கை வெச்சிருக்காங்க."

கை பட்டால் வியர்வையில் இருக்கிற சோடியம் பளிச்சென்று மஞ்சளாக எரியும். மற்ற நிறங்களை அமுக்கிவிடும். இதில் மஞ்சள் துளிகூட இல்லை. அது அவருக்கும் தெரியும்.

3.34. சொட்... சொட்...

தண்ணீர்க் குழாய் மூடித்தான் இருந்தது.

மேசை ஓரத்தில் ஈரம். ஐந்து விரல்கள்... ஒரு பெண்ணின் கை.

அந்த ஈரத்தில் கம்பியைத் தொட்டேன். ஏன் தொட்டேன் என்று இன்றும் தெரியாது. சுடரில் காட்டினேன்.

கருஞ்சிவப்பு.

மஞ்சள் இல்லை.

"போதும். அணைச்சிடு" என்றார் பேராசிரியர்.

3.41. காஸை மூடினேன்.

சீறல் நின்றது.

சிவப்பு நிற்கவில்லை...

பத்து விநாடி. வெறும் பர்னர் மேல்.

பிறகு போனது.

4.05-க்கு அத்தான் போன் செய்தார். "ஏரியில கிடைச்சிட்டாப்பா."

"சரி அத்தான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை உட்காரவைத்தார். அவள் காணாமல் போன அன்றே இறந்துவிட்டாள் என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டியபடி கேட்டார்.

"லித்தியம் மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிட்டாங்க?"

அத்தானுக்குப் புரியவில்லை. "என்ன மாத்திரை டாக்டர்?"

"மனசுக்குக் குடுக்கறது. உடம்புல இருந்துச்சே."

அத்தான் என்னைப் பார்த்தார்.

அவள் அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.