மீட்டர் அக்கா கையெழுத்துப் போட விடமாட்டார்

வாங்கிய பொருள் பழுதானதும், "நீங்கதான் தப்பா யூஸ் பண்ணியிருப்பீங்க" என்று விற்றவன் சொல்ல, வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியவர்தானே நீங்களும்?

மீட்டர் அக்கா திரும்பமாட்டார். இதோ, மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று முட்டவைக்கிறார். 'பீப்.' முனைகளுக்கு நடுவே மின்சாரம் தடையில்லாமல் ஓடினால் மட்டுமே வரும் சத்தம் அது. "ம்... உண்மை பேசுது" என்கிறார். எதை அளப்பதற்கு முன்பும் இதுதான் முதல் வேலை. ஒரே நாளில் நாற்பதாவது முறையானாலும் சரி. "ஊரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கிறதைச் சந்தேகப்படணும்ல?"

மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் போக மிச்சமிருக்கும் இடத்தில், பழுதான மின்சார ஸ்கேட்போர்டுகள் சக்கரத்தைக் காட்டியபடி சுவரில் சாய்ந்திருக்கும். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காம்பைச் செப்புக் கம்பி சுற்றிப் பிடித்திருக்கிறது. ஆறிப்போன டீயை ஸ்க்ரூடிரைவரால் கலக்கிக் குடிப்பார். முதுகு அரித்தால் அதற்கும் அதே ஸ்க்ரூடிரைவர்தான். "என் நேரம் சரியில்லக்கா, அதான் போர்டு நின்னுடுச்சு" என்று யாராவது புலம்பினால் போதும். "உன் நேரத்துக்கு எத்தனை வோல்ட்டு? சொல்லு, அளந்துடுவோம்!"

போன வாரம் பார்சல் கொண்டுபோகும் பெண் ஒருத்தி வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, வலது அக்குளில் போர்டு. அவள் வேலை செய்யும் பார்சல் நிலையம் கொடுத்த வண்டி அது. நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரம் இறுகி நின்று, அவளைத் தூக்கி எறிந்திருக்கிறது. தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் மேனேஜரோ, உள்ளே ஒட்டியிருந்த ஈரம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'ஓட்டியவர் கவனக்குறைவாகத் தண்ணீரில் இறக்கியதே காரணம்' என்று எழுதிவிட்டார். அதில் அவள் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும்.

"தண்ணில இறக்கினியா?"

"சத்தியமா இல்லக்கா."

"சத்தியமெல்லாம் எனக்கு எதுக்கு? போர்டைக் குடு."

சக்கரத்தைக் கையால் சுற்றினார், முரண்டு பிடித்தது. மோட்டாரின் மூன்று ஒயர்களையும் பிடுங்கிவிட்டுச் சுற்றினார், சும்மா பறந்தது. "மோட்டார் நிரபராதி. ஆளு உள்ள உக்காந்திருக்கான்." பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத்தான் சொன்னார். கம்பெனி அதன்மேல் ஒட்டியிருந்த முத்திரைச் சீலைக் கிழித்துத் திறந்தார். மின்சாரத்தைத் திறந்து மூடும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் கருகியிருந்தன.

இன்னொருவர் என்றால் அவற்றை மாற்றிவிட்டு ஆளை அனுப்பியிருப்பார். அக்காவே ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவர்தான். மூன்றாம் நாள் அதே போர்டு அதே ஆளை மறுபடி கவிழ்த்து, முன்பல் இரண்டை எடுத்துவிட்டது. அன்று கருகிய டிரான்சிஸ்டர் இன்றும் மேசை விளிம்பில் ஒட்டியிருக்கிறது. "செத்தவன் யாருன்னு தெரிஞ்சா போதாதுடி. கொன்னவன் யாருன்னு தெரியணும்."

பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். கட்டைவிரல் பருமனில் ஒரு கெபாசிட்டர். மின்சாரத்தின் திடீர்த் துள்ளலை விழுங்க வேண்டியது அதன் வேலை. அதைப் பசை போட்டுப் பிடிக்காமல், இரண்டு மெல்லிய கால்களில் நிற்க விட்டிருந்தார்கள். சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ஆடி ஆடி ஒரு கால் முறிந்திருந்தது. பிறகு விழுங்க ஆளில்லாத துள்ளல் டிரான்சிஸ்டர்களில் பாய்ந்திருக்கிறது. அவை மூட முடியாதபடி உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொள்ள, சக்கரம் இறுகியது. தண்ணீர் புகுந்திருந்தால் இருக்க வேண்டிய துரு இல்லை, உப்புப் படிவு இல்லை.

நேற்று சர்வீஸ் மேனேஜர் போர்டை எடுத்துப்போக வந்தார். கையில் அந்த அறிக்கை. பார்சல்காரியும் வந்து காத்திருந்தாள்.

"சீலை உடைச்சிட்டீங்க மேடம். வாரன்டி போச்சு."

"அதைத்தான் நீங்க அப்பவே தரமாட்டேன்னுட்டீங்களே. இல்லாதது எங்க சார் போகும்?"

"ஸ்டிக்கர் சிவந்திருக்கு பாருங்க."

அக்கா ஒரு மூடிய டப்பாவைத் திறந்தார். அடியில் ஈரத்துணி; மூடியின் உள்புறம், அதே மாதிரிப் புது ஸ்டிக்கர். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஸ்டிக்கர் சிவந்திருந்தது. "தண்ணி படல சார். வெறும் புழுக்கம்தான். நீங்க ஒட்டினது சாட்சி இல்ல, பொய்ச்சாட்சி."

"இதெல்லாம் எங்க இன்ஜினியர் பாக்கணும்..."

"உங்களுக்குக் கண்ணு இல்லையா? என்னையும் நம்ப வேணாம். இந்தாங்க, நீங்களே வச்சுப் பாருங்க" என்று மீட்டர் முனைகளை நீட்டினார். மேனேஜர் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, கைகளைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க மேடம், நேரமாகுது" என்றார்.

ஸ்டூலில் இருந்த பார்சல்காரி எழுந்தாள். மேனேஜர் பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அக்காவின் கையிலிருந்த இரண்டு முனைகளையும் ஒற்றைக் கையால் வாங்கி, முதலில் ஒன்றோடொன்று முட்டவைத்தாள். 'பீப்.' பிறகு, நல்ல நிலையில் இருந்தால் சத்தமே வரக்கூடாத கருகிய டிரான்சிஸ்டரின் கால்களில் வைத்தாள். 'பீப்.' எடுக்கவில்லை. பீப் சத்தம் நீண்டுகொண்டே போக, "இப்பக் கேட்டதை எழுதுங்க சார். அப்புறம் போடுறேன்" என்றாள்.

உங்கள் முன்னாலும் ஒருநாள் ஒரு தாளும் பேனாவும் வரும். பேனாவைத் தொடாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.