ஐந்தே முக்காலும் புது பிளாப்பியும்

பிறந்ததிலிருந்து நான் மக நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் கேட்காமலே மகம் என்று வாய் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்குத் தெரியாமலே ஆயில்யம் ஆகிவிட்டேன். ஆக்கியது வேறு யாரும் இல்லை. நான் வேலை பார்த்த கடையில், தினமும் என் கையால் துடைத்து உறை போட்டு வைத்த கம்ப்யூட்டர்.

எண்பதுகளின் கடைசி அது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் முதலாளிக்குப் புதிதாக எதைக் கண்டாலும் கை பரபரக்கும். மதுரையில் எங்கோ பார்த்துவிட்டு வந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டும் மாட்டிவிட்டார். நான் மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்ததால் தட்டுவது என் வேலை. தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொல்வோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, மிஷினைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஏலக்காய்ச் சாக்கோடு மலையிலிருந்து இறங்கியவர்கள் சரக்கை ஏலத்தில் விட்ட கையோடு வந்து, பிள்ளைகளின் பிறந்த நேரத்தைச் சொல்வார்கள். ஜோசியர் தப்புவார், மிஷின் தப்பாது என்பது ஊர் முடிவு. எனக்கும் அதில் கர்வம் இருந்தது. இல்லை என்றால் பொய்.

ஒரே குறை, ஜாதகம் இங்கிலீஷில்தான் அச்சாகும். அந்தப் புரோகிராமை எழுதிய மதுரைக்காரர், தமிழிலேயே அடிக்கும் புது வெர்ஷன் தயார் என்று இரண்டு பிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். அவை வந்த திங்கட்கிழமையும் மறுநாளும் நான் லீவு.

லீவுக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ராசிங்காபுரத்துக் குடும்பம், மாப்பிள்ளை குரங்கணியில் வாத்தியார். அதற்கு முன் வந்த மூன்று இடத்துக்காரர்களும் காபி டம்ளரைக் கீழே வைக்குமுன், “கல்யாணத்துக்கப்பறம் இந்த மிஷின் சோலியெல்லாம் விட்டுறணும்” என்றார்கள். இவர் மட்டும் எல்லோர் முன்னாலும், “எதுக்கு விடணும்? படிச்சதே அதுக்குத்தான?” என்றார். அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். பழைய ஜாதகப்படி பத்துக்கு எட்டுப் பொருத்தம். வெள்ளிக்கிழமை பூ வைத்து உறுதி செய்வதாகப் பேச்சு. இந்த இடம் தப்பினால் வேலையோடு சேர்த்து என்னை ஏற்றுக்கொள்ள இன்னொரு வீடு கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை கடைக்குப் போனேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

“ஒன் மாமியா நேத்து வந்துச்சுத்தா. தமிழ்ல வேணும்னு கேட்டுச்சு. ஒன் நேரத்தப் போட்டு நானே அடிச்சுக் குடுத்தேன். இந்தா, ஒனக்கு ஒரு காப்பி.”

வாங்கிப் பார்த்தேன். பிறந்த நேரம் காலை 5.45, சரி. நட்சத்திரம் என்ற இடத்தில் முத்து முத்தான தமிழில் ஆயில்யம் என்று இருந்தது.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோதே என் அம்மா எங்கள் ஊர் சிலமலையிலிருந்து பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

“மாப்ள வீட்ல வேணாமுன்னு சொல்லி விட்டுட்டாக. ஒங்க மக வேல பாக்குற மிஷினே சொல்லுது, நாங்க என்னத்தச் சொல்லன்னு கேக்குறாக” என்றவர், கம்ப்யூட்டரைப் பார்த்து, “நீ வெளங்குவியா?” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தார்.

“அண்ணே, பழைய பிளாப்பி எங்க?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“அதுலதேன் புதுச ஏத்துனேன். மொதல்ல ஓடமாட்டேன்னுச்சு. வெர்ஷன் பொருந்தலன்னு இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சு. கூட வந்த இன்னொரு பிளாப்பிய எடுத்து எல்லாத்தையும் அது மேலயே ஏத்திட்டேன். அப்பறம் கப்புனு ஓடுச்சு.”

ஊருக்கெல்லாம் பத்துப் பொருத்தம் பார்க்கும் மிஷின், எனக்கே பொருத்தம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. இந்த மனுஷன் அதன் வாயை அடைத்திருக்கிறார். வந்த கோபத்துக்கு அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். முதலாளி என்பதால் பிழைத்தார்.

பழைய வெர்ஷன் போய்விட்டது. ஆனால் பழைய ஜாதகங்களின் நகல்கள் ஃபைலில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அதே நாள், அதே நேரத்தைப் புது வெர்ஷனில் தட்டினேன். முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிலருக்கு எல்லாம் அச்சு அசலாக வந்தது. சிலருக்கு லக்னம் நகர்ந்தது. ஒரு குழந்தைக்கு ராசியே மாறியது. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. மத்தியானச் சாப்பாடு தூக்கில் அப்படியே இருந்தது. சாயந்திரம்தான் கண்ணில் பட்டது. சரியாக ஆறு மணி, பத்து மணி என்று பிறந்தவர்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. நிமிடம் சேர்ந்தால் தப்பு. நிமிடம் ஏற ஏறத் தப்பும் ஏறியது.

ஐந்தே முக்காலை 5.45 என்று தட்டுவோம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம் என்று பழைய வெர்ஷனுக்குத் தெரியும். புதுசு அதை ஒரு மணி நேரத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு என்று எடுத்துக்கொண்டது. அப்படிப் பார்த்தால் ஐந்து மணி இருபத்தேழு நிமிடம். பதினெட்டு நிமிடம் முன்னாலேயே என்னைப் பிறக்க வைத்துவிட்டது. அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள்தான் வானத்தில் ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கியிருக்கிறது. முக்கால் மணி என்பதற்காக 5.75 என்று தட்டிப் பார்த்தேன். திரையில் மகம் வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மதுரைக்கு டிரங்கால் போட்டேன். புரோகிராம் எழுதியவர் அலட்டிக்கொள்ளாமல், “என் மிஷின்ல சரியா வருதேம்மா” என்றார்.

“ஒங்க மிஷின்ல சரியா வந்தா எனக்கு மாப்ள கெடச்சிருவாரா?” என்று போஸ்ட் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அதன்பிறகுதான் மனிதர் நிதானமாக யோசித்தார். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை முன்கூட்டியே எழுதிக் கட்டி வைத்த தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். இரண்டாவது பிளாப்பியில் இருந்தது புது லைப்ரரி. தமிழ் எழுத்துக்காக எங்களுக்கு அனுப்பியவர், தன் மிஷினில் இன்னும் பழையதையே வைத்திருந்தார். மணியை மாற்றும் கணக்குக்கு அவர் வைத்த அதே பெயரை, புது லைப்ரரிக்காரனும் தன்னுடைய வேறொரு கணக்குக்கு வைத்திருக்கிறான். தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், கூப்பிட்டதும் வேண்டாதவன் திரும்பிப் பார்ப்பானே, அந்தக் கதைதான். பெயரை மாற்றி எழுதி, மதுரை பஸ்சின் கண்டக்டர் கையில் பிளாப்பியைக் கொடுத்துவிட்டார். தமிழ் ஜாதகம் வாங்கிப் போனவர்களை முதலாளி சைக்கிளில் தேடிப் போய் மாற்றிக் கொடுத்தார். ஒருவர் மட்டும் திருப்பித் தர மறுத்துவிட்டார். தப்பான ஜாதகத்தில் அவருக்கு ஏழரை விலகியிருந்ததாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவும் நானும் முதலாளியும் ராசிங்காபுரம் போனோம். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுப் படியேறுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான் ஏறினேன். மாப்பிள்ளை குரங்கணியில் இருந்தார். அவருடைய அம்மா, புருஷன் போனபின் தனி ஆளாக நின்று மகனைப் படிக்க வைத்தவர், நான் சொன்ன புள்ளிக் கணக்கை முழுவதும் கேட்டார்.

“மிஷினு நேத்து ஒண்ணு சொல்லும், இன்னைக்கு ஒண்ணு சொல்லும். நீ சொல்லுத்தா. மகந்தானா?” என்று கையை நீட்டினார்.

“மகந்தேன்” என்று அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றைக்கே பூ வைத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்சில் அம்மா விரல் விட்டு என்னவோ எண்ணிக்கொண்டே வந்தார். சிலமலை நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்.

“ஏத்தா, நீ நிமிஷம் நிமிஷம்னு சொல்லவுந்தேன் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நீ பொறந்தது மேல, எஸ்டேட்டுல. அங்க ஆளுக வெரசா எந்திரிக்கணும்னு கடிகாரத்த அரமணி முந்தி வச்சிருப்பாக. மல எறங்குனா அரமணி கழிச்சுக்கிறணும். ஒங்கப்பா சந்தோசத்துல கழிக்காமலே ஜோசியருட்டச் சொல்லிட்டாரு.”

நான் கழித்தேன். ஐந்தே கால். சந்தேகமே இல்லாமல் ஆயில்யம். கெட்டுப்போன மிஷின் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டு என் சரியான நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறது. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அதைச் சரிசெய்து பொய்யாக்கியது நான். “வாயத் தொறக்காத” என்றார் அம்மா. நான் திறக்கவில்லை. எனக்கு அந்த வீடு வேண்டும், அந்த வேலை வேண்டும், அந்த மனிதர் வேண்டும்.

கல்யாணம் முடிந்து இரண்டாவது மழைக்காலத்தில், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் நாலு நாளாக இறங்கவில்லை. நட்சத்திரமெல்லாம் நாம் தட்டுகிற எண் என்று கடையில் சிரித்தவள் நான். அந்த நாலு நாளும் அவர் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, என் ஆயில்யம்தான் காரணமோ என்று பயந்தேன். எனக்குள் இத்தனை நம்பிக்கை இருந்தது என்பதைக் கண்டு, பஸ்சில் திடுக்கிட்டதைவிட அதிகமாகத் திடுக்கிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனவள், கட்டில் ஓரம் நின்று எஸ்டேட் கடிகாரத்தை, அரை மணியை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அத்த, நான் ஆயில்யம். ஒங்க கையில அடிச்சது பொய்ச் சத்தியம்.”

அத்தை கண்ணை மூடியபடியே கேட்டார். பிறகு மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“எம் மகன் பொறந்தப்ப எங்க வீட்ல ஏது கடிகாரம்? கோழி கூப்பிட்டுச்சுன்னு சொன்னேன். ஜோசியரு நாலரைன்னு எழுதிக்கிட்டாரு. அது கண்ட நேரத்துல கூவுற கோழி.”

எட்டுப் பொருத்தமும் ஒரு கோழியை நம்பி வந்தவையா?

“என் கையில அடிச்சப்ப நீ மகம்னுதேன நெனச்ச? அப்ப அது பொய்யில்ல” என்றார் அத்தை. என் நெஞ்சு லேசாகத் தொடங்கிய அந்தக் கணத்தில் என் முகத்தை நேராகப் பார்த்தார். “தெரிஞ்சதுக்கப்பறமும் இத்தன நாளு என் கையால சோறு வாங்கித் தின்னுட்டுச் சொல்லாம இருந்த பாரு, அதுதேன் பொய். கஞ்சிய கொண்டா, ஆறுது.”