வேலிக்கு மேலால் கொடுத்த குளிசை

எனக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்து மூன்று வருடமாகிறது. முதுகு ஆறிவிட்டது. ஆனால் இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வது போன்ற நரம்பு வலி இன்னும் விடவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி கிளினிக்குக்குப் போய் குளிசை எடுத்து வருகிறேன். அதைப் போட்டால் வலி கொஞ்சம் அடங்கும், தலை பாரமாகிவிடும். பகலிலும் தூங்கி வழியும் என்னைச் சோம்பேறி என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

எங்கள் ஊரில் கிளினிக் குளிசை கேட்பது கறிவேப்பிலை கேட்பது போலத்தான். களை பிடுங்கும் நாளொன்றில் பக்கத்து வளவு புஷ்பம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வேலிக்கு மேலால் மறு கையை நீட்டினாள்.

"அக்கா, நாரி முறியுது. உங்கட குளிசையில ஒண்டு தாங்கோ."

யோசிக்காமல் கொடுத்தேன். அவள் சைக்கிளில் வயலுக்குப் போகும் வழியில் தலை சுற்றி வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டாள். நல்லவேளை, பின்னால் வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்ன குளிசை என்று கேட்டபோது நான்தான் தலைகுனிந்து குளிசை மட்டையைக் காட்டினேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏசுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இதைப் போட்டுக்கொண்டோ அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் அடுப்படியில நிக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

இப்போது நான் யாருக்கும் குளிசை கொடுப்பதில்லை. கேட்பவர்களை என் கிளினிக் நாளில் கூட்டிப்போகிறேன். போன மாதம் புஷ்பம் வந்தாள். பஸ்ஸில், காலை நீட்டக்கூடிய ஓர இருக்கையை, நான் கேட்காமலே எனக்கு விட்டுத் தந்தாள்.

– ஒரு வாசகி, உடையார்கட்டு