படத்துக்கு ஏற்ற பல்

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பல் டொக்டரிடம் போயிருந்தேன். பயப்படாதீர்கள், என் பல்லுக்கு ஒன்றுமில்லை. இந்த வயதிலும் பனங்கிழங்கை நானே கடித்துத்தான் தின்கிறேன். என் தங்கை ராசாத்திக்கும் அவள் மகள் துவாரகாவுக்கும் துணையாகப் போனேன்.

துவாரகாவுக்கு மேல்வரிசையில் இரண்டு தெத்திப்பல். சோறு தின்ன, பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்ட... இருபத்தேழு வயது வரை அந்தப் பற்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு என்ன வந்தது?

கல்யாணம் வந்தது. லண்டன் மாப்பிள்ளை.

சம்பந்தம் பேசத் தொடங்கியபோது சாதகக் குறிப்போடு ஒரு படமும் கேட்டார்கள். ராசாத்தி பிள்ளையை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனாள். அந்த ஸ்ரூடியோக்காரன், யாரும் கேட்காமலே, கம்பியூட்டரில் இரண்டு பல்லையும் உள்ளே தள்ளி, வெள்ளையும் அடித்துக் கொடுத்துவிட்டான். வேறு படம் எடுப்பித்திருக்கலாம். எடுப்பித்தாளா? "வடிவாத்தானே அக்கா இருக்கு" என்று அதையே குறிப்போடு சேர்த்து அனுப்பினாள்.

சாதகம் பொருந்தியது. ஆவணியில் நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கினான். துவாரகா என்ன செய்தாள்? கதைக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இந்தக் காலத்திலயும் இப்பிடி ஒரு அடக்கமான பிள்ளையோ!" என்றாவாம்.

பாருங்கள், பல்லை ஒளித்தால் அடக்கம்!

ஆவணிக்கு மூன்று மாதம்தான். மாப்பிள்ளை வந்து இறங்க முன்னம் முகத்தைப் படம் மாதிரி ஆக்கிவிட வேண்டும் — இதுதான் ராசாத்தியின் திட்டம். படத்தைத் திருத்தியது போதாமல் பிள்ளையையே திருத்தப் புறப்பட்டாள்.

கிளினிக் சுவர் முழுக்கச் சிரிக்கிற வாய்கள். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அது எனக்கு வாசிக்க வராது. வாயை வாசிக்க வரும். ஆணோ பெண்ணோ, எல்லா வாயிலும் ஒரே பல். கடையில் அடுக்கிய கோப்பை மாதிரி.

டொக்டர் ஒரு இளம்பெண். ஆறுதலாக விளங்கப்படுத்தினா.

"ரெண்டு வழி இருக்கம்மா. கம்பிக் கிளிப் போட்டால் இவவின்ரை சொந்தப் பல்லே மெல்ல மெல்ல இடத்துக்கு வரும். ஆனால் ஒண்டரை, ரெண்டு வருஷம் எடுக்கும். மற்றது, முன்பல்லு ஆறையும் அராவிப்போட்டு மேலே கவர் ஒட்டுறது. ரெண்டு மூண்டு கிழமையில முடியும்."

"அதையே செய்யுங்கோ டொக்டர்!" ராசாத்தி வசனம் முடியவும் விடவில்லை.

"பொறுங்கோ. அராவின பல்லு திரும்பி வளராது. கவரும் சாகுமட்டும் நிக்காது. உடைய உடைய மாத்தவேணும். இவவுக்கு ஒரு சூத்தைப்பல்லுக்கூட இல்லை. நல்ல பல்லை அராவ எனக்கு மனமில்லை."

நான் சும்மா இருப்பேனா?

"எடி ராசாத்தி, ஸ்ரூடியோக்காரன் மூக்கையும் சின்னனாக்கி விட்டிருந்தால் மூக்கையும் அராவுவிச்சிருப்பியோ?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. பெடியன் வந்து பாத்திட்டு வேண்டாமெண்டு போனால் ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் தன்ரை பல்லைக் குத்திக்கொண்டு கதைக்கும். இவளுக்கெல்லோ பல்லுப் போகும்!"

இவ்வளவுக்கும் துவாரகா சாய்ந்த நாற்காலியில் படுத்தபடி, டொக்டர் கொடுத்த கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். பிறகு எழும்பி இருந்து, "லண்டனுக்கு ஒரு கோல் எடுக்கோணும் டொக்டர்" என்றாள்.

லண்டனில் அப்போது பகல். மாப்பிள்ளை வேலையிடத்தில் நின்றான். துவாரகா போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. ஈ என்று பல்லைக் காட்டினாள்.

"குறிப்போட வந்தது ஸ்ரூடியோப் பல்லு. இதுதான் என்ரை பல்லு. வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

ராசாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நானும், பொய் சொல்லக்கூடாது, பாதி எழும்பிவிட்டேன். கல்யாணம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கலாம்தானே?

பெடியன் உற்றுப் பார்த்தான்.

"அட, இதையே இவ்வளவு நாளும் பொத்தினனீர்? உமக்கு முன்பல்லே இல்லையாக்கும் எண்டு நான் பயந்துபோய் இருந்தனான்!"

துவாரகா சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். சுவரிலிருந்த ஒரு வாய்க்கும் அந்தச் சிரிப்பு வராது.

போனை வைத்ததும் டொக்டரிடம் திரும்பி, "கிளிப் போடுங்கோ" என்றாள்.

"பெடியனே சரியெண்டிட்டான். பிறகேனடி கம்பி?" என்று கேட்டேன்.

"அவருக்கில்லைப் பெரியம்மா. எனக்கு."

விசா வரும்வரை இங்கே, மிச்சத்தை லண்டனில் பார்க்கலாமாம். மணவறையில் கம்பியோடுதான் இருப்பாளாம். இருக்கட்டும்.

ராசாத்திக்கு மட்டும் இன்னும் நித்திரை இல்லை. கல்யாணப் பட அல்பத்தில் கம்பி தெரியுமே! நேற்று அதே ஸ்ரூடியோவுக்கு ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். "பயப்படாதேங்கோ அன்ரி, கம்பியை நான் எடுத்துவிடுறன்" என்றானாம்.

அவனை அந்தச் சாய்ந்த நாற்காலியில் ஒருநாள் படுக்க வைக்க வேண்டும். அரத்தை நான் பிடிக்கிறேன்.