புரட்டாசிக் கடைசிச் சனியில் ரொறன்ரோத் துறைமுகம்

காலை எட்டரை மணிக்கு டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றோம். 1986 ஒக்ரோபர், புரட்டாசி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வெயில் எறித்தது, ஆனால் பெயருக்குத்தான். நான் பழைய ரொறன்ரோவைப் பார்க்கப் புறப்பட்டேன். பூமணி அக்கா காகம் பார்க்கப் புறப்பட்டார். என் மனைவி வசந்தி எங்கள் இருவருக்கும் மாறிமாறித் தலையாட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுப் பையைத் தூக்கும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு.

ஸ்காபரோவில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இந்த நகரத்தின் கரையைப் பார்த்திருக்கிறோம்? வேலை, வீடு, சனிக்கிழமை மரக்கறிக்கடை, ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள். நயாகராவுக்குப் போய் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் கனடா பார்த்து முடிந்தது. ஆளுக்கொரு பஸ் ரோக்கன் செலவில் இருநூறு வருடத்துப் பழைய துறைமுகப் பட்டினம் ஒன்று இருக்கிறதே என்று நான் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன். கேட்பார் இல்லை. அக்காவுக்குக் காகம் தேவைப்பட்டபடியால்தான் இந்தப் பயணமே கூடிவந்தது.

அக்கா வசந்தியின் பெரியம்மா மகள். ஜூன் மாதம் தனியே வந்து சேர்ந்தவர், எங்களோடு இருக்கிறார். தனியே வருவதாக இருக்கவில்லை. அவருடைய கணவர், எங்கள் அத்தானும், அவரும் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தபோது வவுனியாவுக்கு அப்பால் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, அக்காவுக்குப் பக்கத்து சீற்றில் இருந்த அத்தானை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த முகாம், என்ன பாடு என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மூன்று மாதம் அவரைத் தேடிக் கொழும்பில் அலைந்து திரிந்த அக்காவைச் சொந்தக்காரர்கள்தான் வற்புறுத்திப் பிளேன் ஏற்றிவிட்டார்கள்.

அத்தானுக்கு அட்டமத்துச் சனி நடக்கிறதாம். அதனால் அக்கா புரட்டாசிச் சனி விரதம் பிடிக்கிறார். காலையில் முழுகி, எள்ளுப்பொட்டளி போட்டு விளக்கெரித்து, சமைத்து, முதல் பிடியைக் காகத்துக்கு வைக்க வேண்டும். சனீஸ்வரனின் வாகனம் வாய்வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் இது ஒரு வேலையே இல்லை. சோறு வைக்க முன்னமே காகம் கிணற்றுக்கட்டில் வந்து காத்துக்கொண்டிருக்கும். எங்கள் பதினோராம் மாடிப் பல்கணிக்கு வந்ததெல்லாம் புறாக்கள். முதல் சனியன்று புறாக்கள் தின்றுவிட்டன. இரண்டாம் சனியன்று, கீழ்வீட்டாரின் பல்கணியில் சோறு விழுகிறது என்று கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பிரின்டன் மேலே வந்து முறையிட்டான். அடுத்த கிழமை பார்க்கிங் லொட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம், அணில் வந்தது. மூன்று சனியும் அக்கா வாயில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வைக்கவில்லை. போன ஞாயிறு காலை குசினிக்குள் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

அவரோடு தையல் பக்டரியில் வேலை செய்யும் ஒரு போர்த்துக்கீசப் பெண், ஏரிக்குள் இருக்கும் தீவில் பிக்னிக் போனபோது காகம் தன் பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அக்கா வெளிக்கிட்டார்.

பஸ்ஸில் கெனடி ஸ்ரேஷன், அங்கிருந்து சப்வே, யங்கில் மாறி கிங் ஸ்ரேஷன். அங்கிருந்து பத்து நிமிட நடையில் சென் லோறன்ஸ் சந்தை. பத்து மணிக்கெல்லாம் போய்விட்டோம். இந்த இடத்தில் சந்தை கூடத் தொடங்கி நூற்றெண்பது வருடத்துக்கு மேலாகிறது. வடபக்கத்துக் கட்டடத்தில் சனிக்கிழமைகளில் கமக்காரர்கள் தங்கள் தோட்டத்து விளைச்சலைத் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். அன்றைக்கு வாசல் முழுக்கப் பூசணிக்காய். ஒரு கிழவன் தலையணை அளவான ஒன்றைத் தட்டிக் காட்டி, இது முகம் வெட்ட நல்லது என்றான். மாதக் கடைசியில் வரும் பேய்த் திருவிழாவைப் பற்றி நான் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

“உதுக்குக் கண்ணும் மூக்கும் வெட்டி வெளியிலை வைக்கிறதோ?”

“ஓம் அக்கா. உள்ளுக்கை மெழுகுதிரி கொளுத்துவினம்.”

“பிறகு கறி வைக்கிறேல்லையோ?”

“எறிஞ்சுபோடுவினம்.”

அக்கா அந்தப் பூசணிக்காயைப் பார்த்த பார்வையில் உண்மையான துக்கம் இருந்தது. ஒன்றரை டொலர் கொடுத்து, கறிக்கென்று ஒரு சின்னக்காயை வாங்கிப் பைக்குள் வைத்தார். பை கனத்தது எனக்குத்தான்.

தெற்குக் கட்டடத்தில் மீன்கடைகள். வசந்திக்கு அன்று வந்த சோதனை கொஞ்சநஞ்சமல்ல. ஐஸ் குவியலின் மேல் கண் மின்னக் கிடந்த மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரன் ஒரு பெரிய மீனின் தலையை வெட்டி வாளிக்குள் எறிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்தத் தலையை என்ன செய்யிறான் எண்டு கேளுங்கோ.”

“இண்டைக்குச் சனி.”

“நான் வாங்கச் சொல்லேல்லை. கேக்கத்தான் சொன்னனான்.”

கேட்டேன். வேண்டுமென்றால் சும்மா கொண்டுபோ என்றான். அக்கா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாசலில் நின்றதால் வசந்தி பெருமூச்சோடு நடந்தாள். வாசகர்கள் கவனிக்கவும்: விரதம் இல்லாத சனிக்கிழமையில் போவது நல்லது.

சந்தைக்கு முன்னால் ஓடுவது ஃபிரண்ட் வீதி. ஒரு காலத்தில் இதுதான் கரை. பாய்க்கப்பல்கள் இந்த வீதியோரத்தில் வந்து கட்டி, மாவும் தானியமும் மரமும் ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன. அதற்கும் முன்னால், ஆதிக்குடிகள் தோணிகளைத் தலையில் சுமந்து இரண்டு ஏரிகளுக்கு இடையே நடந்த குறுக்குவழியின் முனை இதே கரையில் சற்று மேற்கேதான். தோலும் கம்பளியும் கைமாறிய இடம். பிறகு வெள்ளைக்காரர் ஏரியை மண்போட்டு மண்போட்டு நிரப்பித் தண்ணீரை அரை மைல் தள்ளிவிட்டார்கள். நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். எங்கள் துறையில் சரக்கேற்றும் வத்தைகள் வராமற்போய் எத்தனையோ காலம், ஆனால் கடல் கடலின் இடத்தில்தான் இருக்கிறது. இப்படி நான் விரிவுரை நிகழ்த்திக்கொண்டு நடக்க, பின்னால் வந்த இருவரும் மின்சாரக் கம்பிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். புறா, குருவி, புறா.

ஜார்விஸ் வீதியால் நேரே தெற்கே இறங்கினால் ரயில்பாதைக்கும் பெரிய மேம்பாலத்துக்கும் கீழால் போய் ஏரிக்கரை. அங்கே ஒரு சீனி ஆலை. பதினொரு மணியளவில் நாங்கள் போனபோது கப்பல் ஒன்று நின்றது. பாரந்தூக்கி இரும்புக்கையை இறக்கி, கப்பலின் வயிற்றிலிருந்து மண்ணிறச் சீனியை அள்ளி அள்ளிப் போட்டது. காற்று முழுக்கச் சீனிப்பாணி காய்ச்சும் வாசம். இந்த இடத்தில் பழைய வியாபாரத் துறைமுகம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கட்டாயம் நின்று பாருங்கள். அக்கா காலையிலிருந்து முதல்முறையாகக் காகத்தை மறந்து நின்றார்.

“சாக்கிலை கட்டாமல் சும்மா கொட்டிக்கொண்டோ கொண்டு வந்தவங்கள்?”

“ஓம் அக்கா, உள்ளுக்கை முழுக்கச் சீனிதான்.”

“எறும்பு வராதோ?”

சுற்றிவரக் கடற்புறாக்கள் நூற்றுக்கணக்கில் கத்திக்கொண்டு திரிந்தன. “உவையிலை ஒண்டுக்கு வைச்சால் என்ன அக்கா?” என்று வசந்தி மெல்லக் கேட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளே பேச்சை மாற்றினாள்.

அங்கிருந்து மேற்கே கால்மணி நேரம் நடந்தால் பே வீதி முடிவில் படகுத்துறை. போகவர ஒரே ரிக்கெற். கயிறு பிடிக்கும் இளைஞனிடம் தீவில் காகம் உண்டா என்று கேட்டேன். வெளிச்சவீட்டுப் பக்கம் மரங்களில் நிறைய என்றான். காகம் பார்க்கக் காசு கொடுத்துப் படகு ஏறுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரிக்கவும் செய்தான். நான் மொழிபெயர்த்ததும் அக்காவும் சிரித்துவிட்டார். ஜூனிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறார், அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

படகு பதினைந்து நிமிடமும் ஓடியிராது. திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும், கோபுரமும் வங்கிக் கட்டடங்களுமாக, தண்ணீரில் கால்வைத்து நிற்கிறது. நடுத்தீவில் இறங்கி மேற்கே இரண்டு கிலோமீற்றர். கோடைக் கூட்டம் போய்விட்டது, மரங்கள் சிவந்து உதிர்த்துக்கொண்டு நின்றன. ஒரு மணிக்கு வெளிச்சவீட்டடியை அடைந்தோம். கப்பல்களுக்கு வழிகாட்டச் சாம்பல் நிறக் கல்லால் ஆறுபட்டையாகக் கட்டியது, 1808ஆம் ஆண்டு. கட்டும்போது தண்ணீர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்ததாம். மணல் சேர்ந்து சேர்ந்து இப்போது பற்றைக்குள் நிற்கிறது.

அறிவிப்புப் பலகை கண்டால் எனக்கு வாசிக்காமல் இருக்க முடியாது. உரத்து வாசித்துத் தமிழ்ப்படுத்தத் தொடங்கினேன். கட்டிய ஆண்டு, உயரம், விளக்கு. அடுத்த வரியில் வாய் நின்றுவிட்டது. 1815இல் இதன் முதல் காவலாளி காணாமற்போனார், என்ன நடந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

“என்ன தம்பி, நிப்பாட்டிப்போட்டியள்? என்ன எழுதிக்கிடக்கு?”

“விளக்கு அக்கா... முதல் திமிங்கில எண்ணெயிலைதான் எரிச்சவையாம்.”

“அதுக்கு இவ்வளவு எழுத்தோ?” என்றார் அக்கா. பிறகு அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “உள்ளுக்கை ஆர் இருந்தவை?”

“காவலுக்கு ஒராள்” என்று சொல்லிவிட்டு அவசரமாக மரங்களைக் காட்டினேன்.

மரங்களில் காகங்கள் இருந்தன. இலை உதிர்ந்த பொப்லார் உச்சியில் ஏழெட்டு. நம் ஊர்க் காகத்தைவிடப் பெரியவை, கழுத்துச் சாம்பல் இல்லாமல் முழுக்கறுப்பு, குரல் கொஞ்சம் கரடு. அக்கா மரத்தடியில் குந்தினார். பார்சலை அவிழ்த்து, வாழையிலை இல்லாதபடியால் பெரிய மேப்பிள் இலைகள் நான்கைத் துடைத்து அடுக்கி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு துண்டு பாகற்காய்ப் பொரியலும் வைத்தார். பிறகு நிமிர்ந்து, ஊரில் கூப்பிடும் அதே குரலில், “கா, கா” என்று கூப்பிட்டார்.

ஒன்றும் அசையவில்லை. வசந்தியும் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். காகங்கள் தலையைச் சரித்து எங்களைப் பார்த்தன. அரை மணி நேரம் மூன்று பேரும் மாறிமாறிக் கூப்பிட்டோம். நடுவில் இரண்டு கடற்புறாக்கள் வந்திறங்க, நான் குடையோடு ஓடிக் கலைத்தேன். ஒரு காகம் கீழ்க்கொப்புவரை வந்தது. அக்கா ஓரடி முன்னால் வைத்ததும் திரும்ப உச்சிக்குப் போய்விட்டது. கடைசிச் சனி. இதற்குமேல் அடுத்த வருடம்தான். அக்காவின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. எனக்கு அந்தக் காகங்கள் மீது உண்மையிலேயே ஆத்திரம் வந்தது.

நாயோடு நடந்துவந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கவனித்துவிட்டு நின்றாள். தீவில்தான் குடியிருக்கிறாள். நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவை இறங்கா, இந்த நாட்டுக் காகங்கள் மனிதரை நம்புவதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுங்கள் என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். “பாக்காமல் எப்பிடித் தம்பி?” என்று கேட்டார். காகம் தின்பதைக் கண்ணால் கண்டுதானே எல்லாரும் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அக்கா சோற்றைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார். நாங்களும் நடந்தோம். பாதை வளைந்து மரங்கள் மறைத்தன. பின்னால் காகங்கள் கத்துவது கேட்டது. இறங்கிக் கத்துகின்றனவா, இருந்த இடத்திலிருந்தே கத்துகின்றனவா என்று சொல்ல முடியவில்லை.

படகுத்துறைக்கு வர மூன்று மணி ஆகிவிட்டது. அடுத்த படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. மரவாங்கில் உட்கார்ந்தோம். பகல் முழுவதும் கட்டடங்களையும் கப்பலையும் பார்த்துத் திரிந்த எனக்கு அவற்றில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த நாலு இலைதான் நின்றது. அக்கா இன்றைக்கும் சாப்பிடாமல் படுத்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. ஒரு பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் எழுந்தேன்.

“அக்கா, நீங்கள் இருங்கோ. நான் ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறன். படகு வாறதுக்கிடையிலை வந்திடுவன்.”

அவர் என் கோட்டுக் கையை எட்டிப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

“வேண்டாம் தம்பி. கொழும்பிலை எத்தினை வாசலிலை நிண்டனான். ஒவ்வொருத்தரும் உள்ளை போய்ப் பாத்திட்டு வந்து இல்லை, இல்லை எண்டுதான் சொன்னவை. இண்டைக்கு ஒருத்தரும் போய்ப் பாக்க வேண்டாம்.”

கையை விட்டார். வசந்தியின் மடியிலிருந்த, எங்களுக்கென்று கட்டிய மற்றச் சோற்றுப் பார்சலை வாங்கி அவிழ்த்து, முதற் பிடியைக் குழைத்து வாயில் வைத்தார்.