பர்வதமலையில் கூப்பிட்ட பேர்

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் ஒரு வேண்டுதல் வைத்தார். நானும் என் வீட்டுக்காரரும் போளூர் பக்கத்துப் பர்வதமலையில் ஏறி, ஒரே சொம்பை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து, எங்கள் ஊர் உத்திரமேரூர் ஏரித் தண்ணீரைச் சாமி தலையில் ஊற்ற வேண்டும். அந்தக் கோயிலில் யாராக இருந்தாலும் தங்கள் கையாலேயே ஊற்றலாம். நாங்கள் போனது எழுபத்தாறோ எழுபத்தேழோ, ஒரு மார்கழி மாதம்.

ஊர் ஆம்பளைகள் ஏழெட்டு பேர் கூட வந்தார்கள். வருவதாகச் சொன்ன ஓரகத்திக்குக் கடைசியில் காய்ச்சல் வந்துவிட்டதால், பெண் நான் ஒருத்திதான். அடிவாரத்திலேயே என் வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அந்தப் பேச்சுச் சத்தத்தை வைத்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.

காட்டு வழி முடிந்து செங்குத்துப் பாறை வந்தது. அதில் கடப்பாரைகளை அறைந்து வைத்திருப்பார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவற்றின்மேல் கால் வைத்து ஏற வேண்டும். சொம்பின் வாயைத் துணியால் கட்டி, முந்தானையில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டேன். பாதியில் பனிமூட்டம் இறங்கியது. மேலேயும் தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை. பேச்சுச் சத்தமும் நின்றுபோயிற்று.

நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்கிறவள் இல்லை. பயத்தில் திறந்தேன்.

"இந்தாங்க!"

"இன்னாமே?" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் குரல் இல்லை.

எனக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்த வேற்றூர் அம்மாள் ஒருத்தி சிரித்தாள். "அது எங்கூட்டு ஆளு. நீ கூப்ட்டா இன்னா குஷி பாரு அதுக்கு! உன் வூட்டுக்காரரு பேரு இன்னா? சொல்லு, நான் கூவுறேன்."

"புருஷன் பேர நான் எப்டிக்கா சொல்றது?"

"சாடையா சொல்லேன்."

"மயிலு மேல உக்காந்துகினு கீறாரே, அவுரு பேரு."

"அடிப்பாவி, அவுருக்கு எத்தினி பேரு கீது!"

சொல்லிவிட்டு, தெரிந்த பேரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூவினாள். அதில் அவர் பேரும் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சங்கிலியைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். 

"சரி, கைய வுட்றாத. ஏறு."

உச்சிக்குப் போனபோது அவர் நெற்றி நிறைய விபூதியோடு கோயிலுக்கு வெளியே உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

"எங்க பூட்ட இவ்ளோ நேரம்? கூட்டாளிங்க ஊத்தறப்ப அவுங்க சொம்புலயே நானும் கைய வெச்சிட்டேன்."

"கூப்ட்டமே, காதுல வுழலியா?"

"வுழுந்துச்சே, பொம்பள கொரலு. நீயா பேர் சொல்லிக் கூப்புடப் போற? வேற எவனையோன்னு நெனச்சேன். நீ போயி ஊத்திட்டு வா."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் உள்ளே போனேன். வழியில் பாதித் தண்ணீர் சிந்தியிருந்தது. 'எங்களுக்கு ஒரு பிள்ளை கொடு' என்று கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார் மாமியார். ஒருத்தியாக நின்றுகொண்டு 'எங்களுக்கு' என்று கேட்க வாய் வரவில்லை. 'எனக்கு' என்று கேட்கவும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ஒன்றும் கேட்காமல் ஊற்றிவிட்டு நகர்ந்தேன்.