மேசை நடுவே மாமன் காய்

அன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள்: என் அக்கா. ஏழு மாதக் கர்ப்பிணியான அக்கா மகள். சமையல்காரர். அலங்காரம் செய்ய ஓசூரிலிருந்து வந்த பெண். நான். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு மணிக்கு மேல்தான் வருவார்கள்.

வளைகாப்புக்குத் தாய்மாமன் தன் காட்டில் விளைந்த காயைக் கொண்டுவர வேண்டும். அதில் வைத்த குழம்பைத்தான் வளையல் போட்டதும் முதல் வாயாக அவளுக்கு ஊட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எனக்கு அரை ஏக்கர். தை மாதம், காய் நன்றாக இருந்தது. தக்காளி ஒரு கூடை, அவரை, கத்திரி, ஒரு பரங்கிக்காய். விடியும் முன்பே பறித்தேன். அன்று மண்டிக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

"காயெல்லாம் இங்க வைங்கண்ணா. மேசை நடுவுல மலையாட்டம் செட் பண்றேன்" என்றாள் அலங்காரம் செய்ய வந்த பெண்.

பார்வைக்கு அடுக்குவாள், பிறகு அடுப்படிக்குப் போகும் என்று நினைத்தேன். காயைக் குத்தி நிறுத்த அவள் மேசையில் வைத்த தெர்மாகோலை நானே பிடித்துக்கொண்டேன்.

முதல் தக்காளியில் பல்குச்சியைக் குத்தினாள். சாறு என் கையில் வழிந்தது. சரியாக நிற்காததைப் பிடுங்கிக் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததைக் குத்தினாள். அவரையைச் சூட்டுப் பசையால் ஒட்டினாள். கத்திரிக்குத் தங்கக் கலர் அடித்தாள். பரங்கியைக் குடைந்து, சதையைக் குப்பையில் கொட்டி, உள்ளே மெழுகுவத்தி வைத்தாள். கடைசியில் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை மலை முழுக்க அடித்தாள்.

"இது எதுக்கும்மா?"

"பளபளன்னு இருக்கும்ண்ணா. ஈ உக்காராது."

ஈகூட உட்காராத காய். தெர்மாகோலை விட்டுவிட்டு அக்காவிடம் போனேன்.

"ஆக்கறதுக்குத்தானக்கா கொண்டாந்தேன்" என்றேன்.

"போட்டோல நல்லா இருக்குதுடா. மாப்ள வூட்டுக்காரங்க பாக்கோணுமில்ல. கொழம்புக்குக் கடைல வாங்கிக்கலாம்" என்றாள் அக்கா.

சமையல்காரர் வந்து ஒரு கத்திரிக்காயை முகர்ந்து பார்த்தார்.

"பியூட்டி பார்லர் போய்ட்டு வந்த காயிங்க இது. இத கொழம்பு வெக்கறதா, பொண்ணு பாக்கறதா?"

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அக்கா மகள் நாற்காலியில் இருந்தபடி கேட்டாள்.

"மாமா, கொழம்புல உங்க காயி இருக்குமில்ல?"

"இருக்கும் சாமி."

சொல்லிவிட்டேன். மேசைக்குக் கீழே கூடை கிடந்தது. பக்கத்தில் குந்தினேன். நசுங்கியது, குத்திப் பிடுங்கியது, பசை சொட்டியது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. அந்த ஸ்ப்ரே நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். எனக்கு மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "சூப்பர்" என்றது ஒரு குரல்.

தேறியதை வேட்டி மடியில் வைத்து அடுப்படிக்குக் கொண்டு போனேன். கடையில் வாங்கிய காயில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் மூடியைத் தூக்கினார்.

"எவ்ளோ தேறுச்சுங்க?"

தக்காளி மூன்று.